எட்டு மணிக்குத் தொடங்கும் பொய்கள்

லைமா, ஒஹையோ. கேம் ஷாஃப்ட் அரைக்கும் பட்டறையில்
தொலைபேசி எடுப்பவன் நான், விர்ஜில்.
எட்டு மணிக்கு முதல் பொய் வந்துவிடும்.

"கம்ப்ரஷன் பத்தரை" என்பான் ஒருவன்.
கழற்றிப் பார்த்தாயா என்றால் இருமுவான்.
"பந்தயத்துக்கும் உண்டு" என்பான் இன்னொருவன்;
அவன் கார் போவது
சனிக்கிழமை ஐஸ்கிரீம் கடை வரைக்கும்.
குதிரைத்திறனைக் கேட்டால்
மீன் பிடித்தவன் கைகளை விரிப்பதுபோல்
குரல் விரியும்.

எல்லோருக்கும் வேண்டியது அந்த நொண்டல்.
உள்வாங்கும் வால்வும் வெளித்தள்ளும் வால்வும்
ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும்.
அந்தக் கணத்தை நீட்டினால்
சிக்னலில் நிற்கும் இன்ஜின்
தடக், தட-தடக் என்று இடறும்,
பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்குவான்.
பச்சை விழுந்ததும்
மினிவேன் முந்திவிடும்.

எனக்குத் தெரியும். இருபத்து நாலு வயதில்
என் நானூற்று நாற்பதில்
அட்டவணையின் கடைசி வரியிலிருந்த கேமைப் போட்டேன்.
மூவாயிரம் சுற்றுக்குக் கீழே உயிரில்லை.
பதினோரு வருடம் ஓட்டினேன்,
கேட்டவர்களிடமெல்லாம் "பறக்குது" என்றேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
டுலூத்திலிருந்து ஐலா கங்காஸ்.
எழுபதாம் வருட டார்ட். முந்நூற்றுப் பதினெட்டு.
"கம்ப்ரஷன் எட்டு புள்ளி மூன்று.
ஊசிக்குழலால் எண்ணெய் விட்டு நானே அளந்தேன்.
பின் கியர் இரண்டு புள்ளி ஏழு ஆறு.
மாற்றக் காசில்லை."

என் பேனா நின்றுவிட்டது.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
இவ்வளவு சின்ன எண்ணை
யார் வாயிலும் கேட்டதில்லை.

பிரேக்?
"பவர் பிரேக். எங்கள் தெரு
ஏரிக்குள் போய்த்தான் முடிகிறது."

அப்படியென்றால் பெரிய கேம் கிடையாது.
வேக்யூம் குறைந்தால் பெடல் கல்லாகும்.
ஏரிக்கு அதெல்லாம் தெரியாது.

சத்தம் எப்படி வேண்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இரும்புத்தாது ஏற்றும் துறையில் எனக்கு இரவு வேலை.
விடிய ஐந்தரைக்குத் தெருமுனை திரும்பும்போது
எய்னோவுக்குக் கேட்கணும்,
கேட்டதும் அவர் காபி வைக்கணும்.
அவருக்கு வலது காது மந்தம்.
பக்கத்து வீட்டு டிராகோவிச்சுக்குக் கேட்கவே கூடாது.
அவளுக்குப் பாம்புச் செவி."

முப்பது வருடத்தில்
இப்படி ஓர் அளவை யாரும் கொடுத்ததில்லை.

விரலுக்கேத்த வீக்கம் என்று
சொல்லிவிடலாம், இரும்பில் அரைப்பதுதான் பாடு.
நல்லவேளை, மோபார் டாப்பெட்டுக்கு அடிப்பாகம் அகலம்.
செவர்லேவைவிட ஒன்றரை மில்லிமீட்டர்.
அந்த இடம் போதும்,
வால்வைச் சட்டென்று தூக்கிச் சட்டென்று இறக்கலாம்,
நேரத்தைக் கடன் வாங்காமல்.

இருநூற்றுப் பத்து டிகிரி என்று எழுதினேன்.
முகடுகளின் இடைவெளி நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி,
அடித்துவிட்டு,
நூற்றுப் பத்து ஆக்கினேன்.
அந்த இரண்டு டிகிரி
எய்னோவின் வலது காதுக்கு.

"முதல் இருபது நிமிடம்
இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் ஓட வேண்டும்,
துத்தநாகம் சேர்த்த எண்ணெயில்.
நடுவில் ஐடிலிங்கில் விட்டால் முகடு மொட்டையாகிவிடும்."
"டிராகோவிச்?" என்றாள்.
"ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சுக்குப் போனபின்."

சீட்டில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு.
தெரு, பந்தயம், இழுவை என்று ஏதோ ஒன்று நிரப்புவேன்.
அன்று 'காபி' என்று நிரப்பினேன்.
அரைக்கும் க்ளெட்டஸ் சீட்டோடு வந்து நின்றான்.
எழுதியிருப்பதை அப்படியே அரை என்றேன்.

ஐலா திரும்ப அழைக்கவில்லை.
சரியாக அமைந்தவர்கள் அழைப்பதில்லை.
எனக்கு வாய்ப்பதெல்லாம் மற்றவர்கள்.

இதோ, மணி.
"கம்ப்ரஷன் பதினொன்று" என்கிறது ஒரு குரல்.

இருக்கட்டும், தம்பி.
உன் தெரு எங்கே போய் முடிகிறது?